மணி நின்றதும் கதவு சாத்துகிறவள்

கதவு சாத்துவதற்கு ஒரு உத்தியோகமா என்று சிரிப்பீர்கள். பேங்க் ஷட்டர் பக்கத்திலோ பரீட்சை ஹால் வாசலிலோ நின்று, "டைம் ஆயிடுச்சு" என்று சொல்லி வசவு வாங்கியவர்கள் மட்டும் சிரிக்க மாட்டார்கள். தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் காலை ரயில் ஏறி, பெங்களூரில் சட்டசபை வாசல் காவலுக்குப் போகிறவள் நான். ஓட்டெடுப்பு என்றால் மணி அடிக்கும். வெளியே இருக்கும் உறுப்பினர்கள் ஓடி வர வேண்டும். மணி நின்றதும் நான் கதவைச் சாத்திவிட வேண்டும்.

பந்தில்ல

சேர்ந்த புதிதில் எனக்குச் சந்தேகத்துக்கு மேல் சந்தேகம். உள்ளே வராதவருடைய ஓட்டு என்ன ஆகும்? ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால்? மகள் கல்யாணமாக இருந்தால்? சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பினால்? நடுநிலை என்று சொல்லக்கூட ஆள் நாற்காலியில் இருக்க வேண்டுமாம். எங்கள் மேலதிகாரி கன்னடக்காரர், பொறுமைசாலி. அன்றைக்கு அவருக்கே பொறுமை போய், இரண்டு பாஷையிலும் சொல்லிவிட்டார்: "பந்தில்ல அந்த்ரே பந்தில்ல. வரலைன்னா வரலை, அவ்ளோதான்மா."

போனில் வந்தவர்

ஒரு நாள் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு உறுப்பினரின் உதவியாளர் போனை என் காதருகே நீட்டினார். ஐயா டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டாராம். போனை உள்ளே கொண்டுபோய்ப் பிடித்தால் அங்கிருந்தே 'ஆமாம்' என்று கத்துகிறாராம். முடியாது சார் என்றேன். என்னை எந்த மூலைக்கு மாற்றப்போகிறார்களோ என்று பயம்தான். மணி நின்றது, சாத்தினேன். உதவியாளர் விடவில்லை. சாத்திய கதவில் போனை ஒட்டிவைத்துக்கொண்டு சொன்னார்: "ஐயா, கதவுகிட்டதான் நிக்கிறேன். நீங்க கத்துங்க."

குழாயடி யோசனை

அப்புறம் எங்கள் வீட்டு விஷயமே சபைக்கு வந்தது. மைன்ஸ் மூடியும் நாங்கள் அதே குவாட்டர்ஸில்தான் இருக்கிறோம். அப்பா ஷிஃப்ட் பார்த்த காலத்தில் கொடுத்த வீடு. இப்போது அம்மாவும் நானும். எங்கள் பேரில் பட்டா கிடையாது, எப்போது காலி பண்ணச் சொல்வார்களோ தெரியாது. குடியிருப்பவர்களுக்கே வீட்டைக் கொடுக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமபலம். வேறு தொகுதிக்காரர் ஒருவர், தன் கட்சித் தலைவருக்கு இஷ்டமில்லாவிட்டாலும் ஆதரித்து ஓட்டுப் போடுவதாக எங்கள் குவாட்டர்ஸ் லைனுக்கே வந்து, மாலை வாங்கிக்கொண்டு சத்தியம் செய்தார். "என் பொண்ணு அங்கதான் வாசல்ல நிக்குது" என்று அம்மா அவரிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு அதே யோசனை. அவர் வராமல் போய்விட்டால்? பக்கத்து வீட்டு சரோஜா அக்காவிடம் குழாயடியில் புலம்பினேன். அக்கா குடத்தைக் கீழே வைக்காமலே வழி சொன்னாள்: "இன்னா கண்ணு இதுக்குப் போயி. அவரு வரலன்னா நீயே உள்ள பூந்து ஒரு கைய தூக்கிடு. அத்தினி கூட்டத்துல யாருக்குத் தெரியப்போவுது?"

வராந்தாவில் ஒருவர்

ஓட்டெடுப்பு நாளன்று, சத்தியம் செய்தவர் வந்தார். மணி அடித்தது, எல்லாரும் ஓடி வந்தார்கள். அவர் மட்டும் வராந்தாவில் நின்றார். உறுப்பினர்களைக் கூப்பிடுவது என் வேலை இல்லை. ஆனாலும் கூப்பிட்டேன். என்னைப் பார்த்துவிட்டு, ஒலிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். இந்த மணி மட்டும் நிற்காமல் இருக்கட்டும், மாரியம்மா என்று வேண்டிக்கொண்டேன். நாலு எட்டு வைத்தார், குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். "சார், நிக்கப் போவுது சார், வாங்க சார்!" என்று லைனில் கத்துவதுபோல் கத்திவிட்டேன்.

மணி நின்றது. எனக்குக் கை வரவில்லை. மேலதிகாரி திரும்பிப் பார்த்தார். சாத்தினேன். சாத்திய பிறகுதான் அவருக்குக் கால் வந்தது. ஓடி வந்து, வராந்தா முழுக்கக் கேட்கும்படி கதவைத் தட்டினார். உள்ளே தீர்மானம் நூலிழையில் தோற்றது. கதவைத் திறந்ததும் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "தேங்க்ஸ்மா."

ஒரே ஒரு கேள்வி

மறுநாளே எங்கள் லைனுக்குப் போய்க் கண்கலங்கியிருக்கிறார். ஓடி ஓடி வந்தாராம், உங்கள் ஊர்ப் பெண்ணே முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டாளாம். நடந்ததை நான் சொல்ல முடியாது. உறுப்பினர்கள் அங்கே செய்வதை வெளியே சொன்னால் வேலை போய்விடும். இருக்கிற வீட்டுக்குப் பட்டாவும் இல்லை, சம்பளமும் இல்லை என்றால் அம்மாவை எங்கே கூட்டிக்கொண்டு போவேன்? பேர் சொல்லாமல் உங்களிடம் சொல்வதே அதிகம்.

சரோஜா அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "கதவ நீ சாத்தலன்னு மட்டும் சொல்லு கண்ணு. எங்களுக்கு அது போதும்."

வராதவருடைய ஓட்டைப் பதிவு செய்ய எங்கள் சபையில் விதியே இல்லை. அவர் வராததை மட்டும் எங்கள் லைனில் என் பேரில் பதிந்துவிட்டார்கள்.