சூறாவளி சொர்ணத்தின் அளவு ஜாக்கெட்

"கழுத்து ஏத்தமா வேணுங்களா, இறக்கமா வேணுங்களா?" என்று காலண்டரில் இருக்கும் காளை மாட்டைக் கேட்கிறார் முகம்மது கவுஸ்.

"போன தடவை மாதிரியே இருக்கட்டும் பாய்" என்று பதில் வருகிறது. மாடு சொல்லவில்லை, அவருக்குப் பின்னால் நிற்கும் நஞ்சம்மாள் சொல்கிறாள்.

"கைக்குப் பட்டி வெச்சிரட்டுங்களா?"

"வையி."

மாட்டைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, துணியை வாங்க இடது கையைப் பின்பக்கமாக நீட்டுகிறார். பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் மிஷின் போட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. தாலூகாவில் பாதிப் பெண்களுக்கு ரவிக்கை தைத்தவர், அவர்களில் ஒருத்தியின் முகத்தையும் நேராகப் பார்த்ததில்லை. வருஷா வருஷம் காலண்டர் மாறும். அவர் கேள்வி கேட்கிற பிராணியும் மாறும். சென்ற வருஷம் யானை. அது இருந்தவரை வியாபாரம் இன்னும் கொஞ்சம் கௌரவமாக நடந்தது என்பது பொதுவான அபிப்பிராயம்.

கழுத்தில் டேப்பு தொங்கும். அது ஆண்களுக்கும் ஜன்னல் திரைகளுக்கும் மட்டும். "பொம்பளைங்க மேல டேப்பு வெக்கறதில்லீங்க. அளவு ஜாக்கெட்டு குடுத்துட்டுப் போங்க" என்பார். உடம்புக்குச் சரியாக இருக்கும் பழைய ரவிக்கை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தால் அது சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். அதைத் தடவிப் பார்த்தே தைத்துவிடுவார். அவருக்கு ஊர்ப் பெண்களை அடையாளம் தெரிவதும் இப்படித்தான். காரிமங்கலம் சந்தையில் ஒரு பெண் வணக்கம் வைத்து, "என்ன பாய், தெரியலையா?" என்று கேட்டு, பேர் சொல்லி, ஊர் சொல்லி, மாமனார் பேரும் சொல்லிப் பார்த்தாள். இவர் மிளகாய் மூட்டையைப் பார்த்துக்கொண்டே திருதிருவென்று விழித்தார். கடைசியில், "அதான் பாய், பச்சை ஜாக்கெட்டு, தோளு ஒரு பக்கம் வழியுமே" என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "இடது தோள் அரை இஞ்சு இறக்கமுங்களா! அதை மொதல்லயே சொல்லக் கூடாதா தாயி!"

அளவு ஜாக்கெட் பொய் சொல்லும் என்பதும் அவருக்குத் தெரியும். பெண்கள் கொண்டுவருவது தாங்கள் இளைத்திருந்த காலத்து ரவிக்கையாகவே இருக்கும். "ஜாக்கெட்டு கண்ணாலத்துக்கு முந்தினது, வர்றவங்க ரெண்டு பிள்ளை பெத்தவங்க" என்று மனைவியிடம் மட்டும் சொல்லிவிட்டு, இரண்டு விரற்கடை கூட்டி வெட்டுவார். யாரிடமும் மூச்சு விடமாட்டார். பென்னாகரத்துப் பெண்கள் யாரும் பருப்பதே இல்லை என்று தர்மபுரி வரைக்கும் பேச்சு இருக்கிறது.

இன்னொரு வழக்கமும் உண்டு. "என்ன வேலைங்க செய்யுறீங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் கத்தரியைத் தொடுவார். பள்ளிக்கூட டீச்சரம்மாவுக்கு வலது கையில் மட்டும் ஒரு பிடி துணி அதிகம். கரும்பலகையில் எழுத வேண்டும். நடவு நடுகிறவளுக்கு முதுகு நீளம். நஞ்சம்மாள் காட்டிலிருந்து விறகுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு தினம் நாலு மைல் வருகிறவள். பாதி நாள் இரண்டு கையும் மேலேதான். மூன்று ரவிக்கை அக்குளில் கிழிந்து, நாலாவதை அவள் காலண்டர் மேலேயே வீசிய பிறகு, அக்குளில் நாலு மூலைத் துண்டு ஒன்றை வைத்து ஒட்டுக் கொடுத்தார். அதற்கப்புறம் அந்த ரவிக்கை கிழிந்ததில்லை. கையைத் தொங்கப் போட்டால் மட்டும் அக்குளில் துணி உப்பிக்கொண்டு நிற்கும். நஞ்சம்மாளுக்குக் கையைத் தொங்கப் போட நேரம் ஏது?

கவுஸுக்கு எழுத்து தெரியாது; எண் மட்டும் தெரியும். மனைவி ஜுபைதா ஐந்தாவது வரை படித்தவள். மத்தியானம் அவர் மிஷினை மிதிக்க, பக்கத்தில் காஜா எடுத்துக்கொண்டே அவள் வாரப் பத்திரிகையைப் படித்துச் சொல்லுவாள். மூன்று வருஷமாக அதில் 'சூறாவளி சொர்ணம்' என்ற படக்கதை வருகிறது. பகலில் தையல் டீச்சர். ஆபத்து என்று யாராவது கத்தினால் வானத்தில் பறப்பாள். தொப்பூர் கணவாயில் உருளப்போன லாரியை ஒரு கையால் தூக்கி நிறுத்தியவள். சொர்ணம் தையல் டீச்சர் என்பதால் கவுஸ் அவளைத் தன் தொழிலைச் சேர்ந்தவளாகவே நினைத்திருந்தார். அவள் அபாயத்தில் இருக்கும் வாரங்களில் தையல் கோணும். அந்த வாரத்து ரவிக்கைகளை ஊரில் பலர் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தச் சொர்ணத்தைத்தான் படம் எடுக்கிறோம் என்று ஒரு கம்பெனி போன தை மாதம் ஒகேனக்கல்லில் வந்து இறங்கியது.

பத்திரிகையில் ஓவியருக்கு ஒரு புட்டி மை போதும், சொர்ணம் பறந்துவிடுவாள். இங்கே அவளைக் கிரேனில் கம்பி கட்டித் தூக்க வேண்டியிருந்தது. படக்கதையில் அவள் போடுவது கால்சட்டை. கதாநாயகியின் தாயார் அதைக் கேட்டதும் பெட்டியைக் கட்டிவிட்டார். சரி, புடவை என்றார்கள். தலைகீழாகத் தூக்கியபோது புடவை பூமிக்குத்தான் கட்டுப்பட்டது; லைட்பாய்கள் எல்லாரும் விரல் இடுக்கு விட்டுக் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு பைஜாமா, முதுகில் பறக்க ஒரு தாவணி. அந்தத் தாவணி முகத்தில் சுற்றிக்கொள்ள, கதாநாயகி குருட்டாம்போக்கில் பறந்து போய்ப் பாறையை முத்தமிட்டார். அவருக்குப் பதிலாக ஸ்டண்ட் பெரியண்ணனுக்கு விக் வைத்துப் பார்த்தார்கள். தூரத்திலிருந்து லட்சணமாகத்தான் இருந்தான்; மாமனார் ஊரில் படம் ஓடும் என்று மீசையை எடுக்க மட்டும் மறுத்துவிட்டான். எல்லாவற்றையும் ஒருவழியாகச் சரிசெய்தால், பறக்கக் கையைத் தூக்கினதும் அக்குளில் 'டர்'. மெட்ராஸிலிருந்து தைத்துக் கொண்டுவந்த மூன்று உடுப்பும் மூன்று நாளில் போயிற்று.

சேலம் விநியோகஸ்தர் இதற்காகவே காத்திருந்தவர். "பொம்பளை பறந்து வந்து ஆம்பளையைக் காப்பாத்தறதா? காசு குடுத்தவன் எழுந்து பீடி குடிக்கப் போயிடுவான் சார். பேசாம சொர்ணத்தைப் பாறையில கட்டிப் போடுங்க, ஹீரோ நீஞ்சி வந்து அவுத்து வுடட்டும்" என்றார். டைரக்டர் கெஞ்சி ஒரு தவணை வாங்கினார். கிரேன் வியாழக்கிழமை சாயங்காலம் வேறு வேலைக்குப் போகிறது. அதற்குள் சொர்ணம் பறந்தால் பறக்கலாம், இல்லாவிட்டால் பாறைதான்.

புதன்கிழமை காலை, கம்பெனி மானேஜர் சென்னப்பன் கிழிந்த உடுப்போடு கவுஸ் கடை வாசலில் ஜீப்பை நிறுத்தினார். இந்த ஜில்லாக்காரர், அதனால் கடை எது என்று தெரியும். நடந்ததை முழுக்கச் சொல்லி, இஞ்சுக் கணக்கு எழுதின காகிதம் ஒன்றையும் நீட்டினார். கவுஸ் அதை வாங்கவில்லை. கிழிந்த உடுப்பை மட்டும் வாங்கி உள்பக்கம் திருப்பினார்.

"இது நிக்கற பொம்பளைக்குத் தெச்சதுங்க."

"ஏன் பாய், மனுசி நிக்கத்தானே செய்வா?"

"நிக்கறவ எதுக்குங்க பறக்கப் போறா? போயி அந்தம்மாவோட அளவு ஜாக்கெட்டு வாங்கியாங்க."

காஜா எடுத்துக்கொண்டிருந்த ஜுபைதா ஊசியைக் கீழே வைத்தாள். "சொர்ணத்தைப் பாறையில கட்டிப் போட்டாங்கன்னா, இன்னமேட்டு நான் எதையும் படிச்சுச் சொல்ல மாட்டேனுங்க. நீங்க மிஷின் சத்தத்தையே கேட்டுக்கிட்டு இருங்க" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கவுஸ் மிஷினைப் பார்த்தார். அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு மிச்ச ஆயுளை ஓட்டுவது எப்படி இருக்கும் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். தைக்கக் கிடந்த ஊரார் ரவிக்கைத் துணிகளையெல்லாம் மூட்டையாகக் கட்டிப் பரணில் எறிந்தார். அதில் என்னுடையதும் ஒன்று. இன்னும் வரவில்லை.

சென்னப்பன் கதாநாயகியின் ரவிக்கையைக் கொண்டுவந்தார். கவுஸ் தடவிப் பார்த்தார். இரண்டு விரற்கடை கூட்டினார். அக்குளுக்கு நஞ்சம்மாளின் அளவு ஜாக்கெட்டை ஆணியிலிருந்து எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அப்படியே வெட்டினார். விளக்கு வைப்பதற்குள் உடுப்பு தயார்.

மறுநாள் ஜீப்பில் கவுஸ், ஜுபைதா, கூடவே நஞ்சம்மாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. "என் அளவு ஜாக்கெட்ட சினிமாக்காரன் கொண்டுக்கிட்டுப் போயிட்டான்னா, நாளைக்கு எனக்கு அளவு ஏது?" என்று ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

உடுப்பு கச்சிதம். கதாநாயகி கையைத் தூக்கினார், கிழியவில்லை. நாலு தடவை தூக்கினார், அப்போதும் கிழியவில்லை. டைரக்டர் கண்ணில் தண்ணீர். பிறகு கதாநாயகி கையை இறக்கினார். இரண்டு அக்குளிலும் துணி பணியாரம் மாதிரி உப்பிக்கொண்டது.

"பாய், என்ன இது?" என்றார் டைரக்டர்.

கவுஸ் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கை தூக்கறவங்களுக்குத் தெச்சதுங்க. கையை இறக்காம இருக்கச் சொல்லுங்க."

அப்படியே ஆயிற்று. காலை பத்து மணியிலிருந்து கதாநாயகி இரண்டு கையையும் தூக்கியபடியே உலாவினார். தாயார் டீயை ஊதி ஊதி வாயில் ஊற்றினார். ஒரு ஈ மூக்கில் உட்கார, அதை விரட்டத் தனியாக ஓர் ஆள். விநியோகஸ்தர் குடையை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தார். பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சார், இது பறக்கற பொம்பளையா? போலீஸ்காரன் துப்பாக்கி காட்டுனா நிக்கறாங்களே, அந்த மாதிரி இல்ல இருக்குது! நானே சரணாகதின்னு நெனச்சேன். கயிறு எடுத்தாங்கப்பா. பாறை எங்க?"

டைரக்டர் பாறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அப்படித்தான் பட்டது. ஒருத்தன் நிஜமாகவே கயிறு எடுக்கப் போனான். ஜுபைதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கணவரை ஒரு பார்வை பார்த்தாள். கவுஸ் தன் வாழ்நாளில் பெண் முகம் ஒன்றிடம் மாட்டிக்கொண்டது அந்தத் தடவைதான்.

நஞ்சம்மாள்தான் முன்னால் வந்தாள். "ஏனய்யா, கை தூக்குனா சரணாகதியா? நான் இருபது வருசமா தூக்கிக்கிட்டுத்தான் வர்றேன். ஒருத்தனாச்சும் என்னைப் பார்த்து அப்பிடிச் சொன்னானா? வெறுங்கையா நிக்க வெச்சா யாரைப் பார்த்தாலும் அப்பிடித்தான் தெரியும். அந்தப் புள்ளைக்குத் தூக்க ஏதாச்சும் குடுங்க!"

"என்னத்தம்மா குடுக்கறது?"

நஞ்சம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். மணலில் ஒரு பரிசல் காய்ந்துகொண்டிருந்தது. "இதைக் குடு."

டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அந்தக் கையைத் தட்டினார். கிரேனில் பரிசலைக் கட்டினார்கள். அதன் அடியில், இரண்டு கையாலும் தாங்குகிற மாதிரி சொர்ணம். பரிசலுக்குள், ஆற்றோடு போகாமல் காப்பாற்றப்படுகிற கதாநாயகன். இவர் சம்மதிப்பாரா என்று எல்லாரும் பயந்தார்கள். அவரோ யாரும் சொல்லுமுன் ஏறி உட்கார்ந்து விளிம்பைக் கட்டிக்கொண்டார். நீச்சல் தெரியாது என்பதை மூன்று நாளாக மனசுக்குள் வைத்துக்கொண்டு வேண்டாத தெய்வமில்லை என்று பிற்பாடு மேக்கப்காரர் சொன்னார். விநியோகஸ்தர் மட்டும், "கிழியட்டும், பார்த்துக்கறேன்" என்று கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சாயங்காலம் நாலரை மணி. கிரேன் முனகியது. தாவணி பின்னால் விசிறியது. இரண்டு கையும் தலைக்கு மேல், கைகளுக்கு மேல் பரிசல், பரிசலுக்குள் கண்ணை மூடிக்கொண்ட ஓர் ஆண்பிள்ளை. அருவிக்கு மேலே, ஒரு பாறையிலிருந்து எதிர்ப்பாறைக்கு சூறாவளி சொர்ணம் போனாள். காவிரி ஒரு நிமிஷம் நின்று பார்த்ததாக ஜுபைதா சத்தியம் செய்கிறாள். நான் அரை நிமிஷம் என்று குறைத்தே எழுதுகிறேன். "அப்பிடித்தான் தாயி, கழுத்தை நேரா வையி!" என்று கரையிலிருந்து நஞ்சம்மாள் கத்தினாள். விநியோகஸ்தர் எழுந்து நின்றார். கயிறு மடியிலிருந்து நழுவித் தண்ணீரோடு போயிற்று. பீடி பற்றவைக்க யாருக்கும் தோன்றவில்லை. டைரக்டர் "ஓகே!" என்று கூவினார். ஜுபைதா விசில் அடித்ததாகவும் ஒரு பேச்சு இருக்கிறது, அவள் மறுக்கிறாள்.

ஒகேனக்கல்லில் அருவிக்குப் பக்கத்தில் நின்றால் நம் குரலே நமக்குக் கேட்காது. அந்த இரைச்சலில், ஊரே அண்ணாந்து கைதட்டிக்கொண்டிருந்தபோது, முகம்மது கவுஸ் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலது காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, 'டர்' கேட்கிறதா என்று அதை வானத்துப் பக்கமாகத் திருப்பி நின்றுகொண்டிருந்தார்.