சித்தியின் ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரியாது. ஓய்வுநாளைக் காப்பதில் அப்பா அவ்வளவு கண்டிப்பு. திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வைத்திருந்த அவர், சனிக்கிழமை சாயங்காலம் அதை அடைத்தாரென்றால் திங்கட்கிழமை வரைக்கும் ஒரு திருகாணியைக்கூடத் தொடமாட்டார். மறுநாளுக்கான குழம்பு, வெஞ்சனம், உடுத்திப்போகும் துணி எல்லாவற்றையும் அம்மாவும் சித்தியும் சனிக்கிழமையே தயார் செய்துவிட வேண்டும். அந்த ஓய்வுக்காக அவர்கள் ஓடும் ஓட்டத்தை நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பேன்.

சித்தி அம்மாவின் தங்கை. வத்தலக்குண்டில் அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். கல்யாணம் வரைக்கும் எங்களோடு தங்கி நூல் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆள் குறைந்த நாட்களில் ஒரு ஷிப்டு முடிந்தவளை அடுத்த ஷிப்டுக்கும் நிறுத்திவிடுவார்கள். திரும்பி வரும்போது அவள் புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும்.

ஒரு ஞாயிறு ஆராதனையில், முழங்காலிட்டு ஜெபிக்கும்போது சித்தி அப்படியே தூங்கிப் பக்கத்துப் பெண்ணின் மேல் சாய்ந்துவிட்டாள். நாலு பேர் சிரித்தார்கள். சபையில் மூப்பராக இருந்த அப்பாவுக்கு முகம் செத்துப்போயிற்று.

வீட்டுக்கு வந்ததும், "ஆறு நாளு மில்லுக்காரனுக்கு முழிச்சிருக்க. ஆண்டவருக்கு ரெண்டு மணி நேரம் முழிச்சிருக்க ஏலாதா?" என்று கேட்டார்.

"தப்புதான் மாமா" என்றாள் சித்தி.

அதன் பிறகு ஞாயிறு காலையில் அவளை எழுப்பும் பொறுப்பு என்னுடையது. எனக்குப் பத்து வயது. அப்பா நம்பிக் கொடுத்த வேலை என்பதால் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த ஞாயிறு சித்தி விடிந்த பிறகுதான் மில்லிலிருந்து வந்தாள். மறுபடியும் இரட்டை ஷிப்டு. சேலைகூட மாற்றாமல் பாயில் விழுந்தாள். சற்று நேரத்தில் நான் போய்த் தோளை உலுக்கினேன்.

"செத்த நேரம் விடு தாயி. உடம்பெல்லாம் அடிச்சுப்போட்டாப்ல இருக்கு."

"அப்பா வைவாரு, எந்திரி சித்தி."

அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. நான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் தெளித்தேன். சித்தி கோபப்படவில்லை. எழுந்து உட்கார்ந்து, எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியாதவளைப்போல என்னையே பார்த்தாள். அன்று ஆராதனை முடியும் வரைக்கும், உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று பயந்து, சுவரோரமாக நின்றுகொண்டே இருந்தாள். பாஸ்டர் அதைப் பக்தி என்று பாராட்டினார். எனக்கும் அந்தப் பாராட்டில் பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மில்லில், மிஷினில் சிக்கிய பஞ்சை எடுக்கும்போது கண் சொருகிவிட்டதாம். வலது கையில் மூன்று விரல்கள் போயின. வத்தலக்குண்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை வந்து ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்புறம் வரவில்லை.

அந்த வார ஞாயிறு நானும் அம்மாவும் கோயிலுக்குப் புறப்படும் முன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சித்தி வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஸ்டூலில் அப்பா, நான்கு நாள் தாடியோடு, அட்டை ஒன்றால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போலக் கட்டிலருகே போய், "சித்தி, எந்திரி" என்றேன்.

அப்பா என் வாயைப் பொத்தினார்.

"எழுப்பாத தாயி. தூங்கட்டும். இன்னைக்கு ஞாயித்துக்கெழம."

அவர் கோயிலுக்கு வரவில்லை. ஆராதனை முடிந்ததும் நான் நேரே பாஸ்டரிடம் போய், "அப்பா இன்னைக்கு ஓய்வுநாள மீறிட்டாரு. ஆஸ்பத்திரில உக்காந்து சித்திக்கு வீசிக்கிட்டிருக்காரு" என்று சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா செய்த பாவம் அவரைப் பேசவிடாமல் செய்துவிட்டது என்று எண்ணி, வீடு வரும்வரை அப்பாவுக்காக ஜெபித்துக்கொண்டே வந்தேன்.