அவசர வழியில் ஒரு படுக்கை

பேருந்து முதலாளியே, அவசர வழியைப் பலகையால் அடைத்து அங்கே படுக்கை போட்டது நீங்கள்தான்.

மாலை நேரம். கச்சிராயபாளையம் டீக்கடை முன்னால் உங்கள் வண்டி நிற்கிறது. இருக்கைகளைப் பிடுங்கிப் பலகை அடித்து 'ஸ்லீப்பர்' என்று பெயின்ட்டால் எழுதியிருக்கிறீர்கள். கல்வராயன் மலையிலிருந்து குடகுக்குக் காப்பி பறிக்கப் போகும் குடும்பங்கள் கம்பளியும் குண்டானுமாக ஏறுகின்றன. நானும் மைசூர்வரை இதில்தான் போகிறேன். பக்கத்து ஆளின் கால் என் காதில் இருக்கிறது.

அந்த அவசர வழிப் படுக்கையில், தூங்கும் மகளுக்குப் பக்கத்தில் ஒரு பெண் படுக்கைப் பலகையோடு ஒரு கடப்பாரையைக் கட்டி வைக்கிறார்.

"காப்பி பறிக்கக் கடப்பாரை எதுக்கும்மா?" என்று கேட்கிறேன்.

"தீப்புடிச்சா கண்ணாடிய ஒடைக்கத்தாங்க. போன தபா பொகை வந்துச்சு. கதவத் தேடிக்கினு பலகையில முட்டிக்கினோம்."

டிரைவர் சிரிக்கிறார். "இன்னாம்மா, என் வண்டிய இடிக்கப் போறியா?"

"உனக்கின்னா அண்ணே, உம் பக்கத்துல கதவு கீது, குதிச்சிடுவ. எம்பொண்ணு எப்டி குதிப்பா?"

இந்த வண்டியில் உள்ள ஒரே பாதுகாப்புச் சாதனம் அந்தக் கடப்பாரை. அதையும் பயணிதான் கொண்டுவந்திருக்கிறார்.

முதலாளியே, கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் எல்லார் முன்னாலும் நின்று அந்தத் தாய்க்குப் பதில் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை எந்த வழியாக இறங்க வேண்டும்?