கறுப்புப் பையின் பின்பக்கம்

அந்த வரியை அழித்தவன் நான்தான்.

அச்சகத்தின் பிழை அல்ல. முதலாளியின் தவறும் அல்ல. "நிலக்கடலை, முந்திரி அரைக்கும் இயந்திரத்தில் அரைக்கப்பட்டது." காபிப் பையின் பின்பக்கம் வரவேண்டிய வரி, அவ்வளவுதான். அதை இல்லாமல் ஆக்கியவை இந்த விரல்கள்தான்...

நீங்கள் அந்தக் காபியைக் குடித்திருக்கலாம். விலை அதிகம். பளபளப்பில்லாத கறுப்புப் பை. பின்பக்கம் மேலிருந்து தங்க நிறத்தில் ஒரு கோடு இறங்கும். இரண்டாகும், நான்காகும், வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து அடியில் கடல் சேரும். காபி விளையும் குடகில்தானே எங்கள் காவிரியும் பிறக்கிறது! பாபநாசத்துப் பக்கம் சேற்றில் நின்ற குடும்பத்தில், முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன நான், அந்தக் காபிக் கம்பெனிக்கு வரைந்த ஆறு அது.

ஆறு கடல் சேரும் இடத்தில் அந்த வரி குறுக்கே கிடந்தது. மேலே ஏற்றினேன், ஓரம் தள்ளினேன். எங்கே வைத்தாலும் மதகில் அடைத்த குப்பையாகத் தெரிந்தது.

அன்று அம்மா, படுகையில் பிடுங்கிவந்த கடலையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா, கடலை தின்னு யாராச்சும் செத்திருக்காங்களா?"

"திங்க இல்லாம செத்தவங்கதான் உண்டு. நீ வளந்ததே இதத் தின்னுதான். கேக்குறான் பாரு கேள்வி!"

சிரித்தேன். வரி போயிற்று.

மறுநாள் முதலாளி திரையைப் பார்த்துச் சொக்கிப்போனார். "பிரமாதம்ப்பா! நான் குடுத்ததெல்லாம் வந்துருச்சில்ல? படிச்சவன், நீ பார்த்தா சரியா இருக்கும்."

"எல்லாம் இருக்கு சார்."

எவ்வளவு எளிதாக வந்தது அந்தப் பொய்!

பைகள் கடைகளுக்குப் போய்விட்டன. போன வாரம் ஒரு தாய் எங்களுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுவதும் என் வேலைதான். அவர் மகனுக்குக் கடலை ஆகாதாம். சிறுவயதில் ஒரு கடலைமிட்டாய்த் துண்டு... உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு நின்று, ஆஸ்பத்திரியில் மீட்டார்களாம். "பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒன்றும் போடவில்லை. அவனுக்குக் கொடுக்கலாம்தானே?"

ஒரு துண்டுக்கு மூச்சு நிற்குமா?

பின்னால் வந்த முதலாளி கேட்டார். "என்னவாம்?"

"கடலை கலந்திருக்குமான்னு கேக்குறாங்க சார்."

"அதான் பையிலேயே போட்டிருக்கோமே! கண்ணாடி போட்டுப் படிக்கச் சொல்லுப்பா." சிரித்துக்கொண்டே போனார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் திறந்தேன்... "சரி சார்" என்றுதான் வந்தது!

அந்தத் தாய்க்கு எழுதினேன்: "கொடுக்காதீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள்."

உடனே பதில் வந்தது. "நல்லவேளை, கேட்டேன்! ஆனால் அதைப் பையில் ஏன் போடவில்லை?"

அந்தச் செய்தியை மூடிவிட்டேன்.

அவர் கேட்டார். கேட்காதவர்கள்? திருப்பிப் பார்த்து, ஒன்றும் இல்லையென்று நம்பி, பொடியைக் கரண்டியில் அள்ளுகிறவர்கள்? தொலைபேசி ஒலித்தால் எடுக்கத் தயங்குகிறேன். அம்மா கூப்பிட்டால்கூட!

வேலை போய்விடும் என்றா பயப்படுகிறேன்? அது மட்டும் என்றால் தாங்கிக்கொள்வேன். காலிப் பை ஒன்றை அப்பா சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, டீக்கடையில் எல்லோருக்கும் காட்டுகிறார். "எம்மவன் போட்ட படம்" என்கிறார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாது. அதில் என்ன இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

இரண்டாம் முறை அச்சுக்குப் போகிறது. கோப்பு என் கணினியில்தான் திறந்திருக்கிறது. வரியைச் சேர்த்துவிடலாம். சேர்த்தால், பழைய பையில் ஏன் இல்லை என்று முதலாளி கேட்பார். கடையில் கிடக்கும் பைகளை என்ன செய்வது என்றும் கேட்பார்...

உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? உங்கள் சமையலறையில் இருப்பது அந்தக் காபிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? காபியின் பெயரைச் சொன்னால் போதும். ஒரே ஒரு சொல்.

அதை எழுதினேன். அழித்துவிட்டேன்.