பன்னிரண்டு தக்காளி நாற்றுகள்

அணில்களின் மேல் எனக்கு முதலில் எந்தப் பகையும் இருந்ததில்லை. ஊரப்பாக்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்னால் ஒரு கொடுக்காப்புளி மரம் நின்றது. அதிலிருந்து மொட்டைமாடிக்குத் தாவி வரும் அணில்களுக்கு நான் பிஸ்கட்டைப் பிட்டுப் போடுவேன். இனிமேல் போடக் கூடாது என்று அம்மா சொன்னபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன்.

அம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீட்டுக்கு இன்னொரு பாப்பா வரப்போகிறது என்று தெரிந்த சமயத்தில்தான் அவளுக்குத் தோட்ட ஆசையும் வந்தது. காலி பெயின்ட் வாளிகளையும் குரோ பேக்குகளையும் மாடியில் வரிசையாக வைத்து, செம்மண்ணும் தேங்காய் நார்த்தூளும் கலந்து நிரப்பினாள். மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு தக்காளி நாற்று. மறுநாள் காலையில் மூன்று வாளிகளில் மண் கிளறப்பட்டு, நாற்றுகள் வேர் தெரிய மல்லாந்து கிடந்தன. அம்மா அவற்றைத் திரும்பவும் நட்டாள்.

அப்பாவுக்குக் கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை. சாயந்தரம் மின்சார ரயிலில் திரும்பும்போது யாராவது ஒருவர் அவருக்கு அணில் ஒழிப்பு யோசனை சொல்லியிருப்பார். மண் மேல் மிளகாய்த்தூள் தூவினார். காற்றடித்து அது அவர் கண்ணிலேயே விழுந்தது. ஒரு ரப்பர் பாம்பு வாங்கி வந்து வாளிகளுக்கு நடுவே சுருட்டி வைத்தார். அணில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து கொடுக்காப்புளி தின்றது. இரண்டாம் நாள் ஒரு காகம் அந்தப் பாம்பைக் கவ்விக்கொண்டு போய், கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மாவின் முன்னால் போட்டுவிட்டது. அன்றோடு அப்பாவின் முயற்சிகள் நின்றன.

கடைசியில் அம்மாவே ஒரு வழி செய்தாள். தண்ணீர் பாட்டில்களை அடிப்பக்கம் வெட்டி, மூடியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு நாற்றுக்கும் தொப்பி மாதிரி கவிழ்த்தாள். நாற்றுகள் அதற்குள் அடங்காமல் வளர்ந்ததும் பாட்டில்களை எடுத்துவிட்டு, மூங்கில் குச்சிகள் நட்டு, பழைய கொசுவலையைக் கூடாரமாகக் கட்டினாள். வலையின் ஓரம் தரையில் படியும் இடமெல்லாம் செங்கல். தண்ணீர் ஊற்றத் திறந்தால் திரும்பவும் எல்லாச் செங்கல்லையும் வைத்துவிட வேண்டும். ஒன்று தவறினாலும் அணில் நுழைந்துவிடும்.

ஐந்தாம் மாதத்தில் அம்மா படுக்கையில் விழுந்தாள். எழுந்து நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சமையலுக்கும் துணைக்கும் தாம்பரத்திலிருந்து பெரியம்மா வந்தார். செடிகள் என் பொறுப்புக்கு வந்தன.

பள்ளிவிட்டு வந்ததும் நான் மாடிக்கு ஓடுவேன். தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கி அம்மாவின் கட்டில் ஓரம் உட்காருவேன். அவள் படுத்திருந்த இடத்திலிருந்து பக்கத்து வீட்டுச் சுவர் மட்டும்தான் தெரியும்.

"இன்னைக்கு என்ன பாத்த?" என்பாள்.

"நாலாவது வாளியில புது இலை வந்திருக்கும்மா."

"எத்தன?"

"ரெண்டு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்த இரண்டு இலைகளையும் பார்ப்பாள்.

ஒரு வாரம்தான் இது உண்மையாக நடந்தது. ஒரு சாயந்தரம் தெருவில் பிள்ளைகள் விளையாடக் கூப்பிட்டார்கள். தண்ணீர் ஊற்றிவிட்டு வலையை இழுத்துப் போட்டேன். செங்கல்களை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று ஓடிவிட்டேன். மறுநாள் பள்ளிவிட்டு வந்து பார்த்தபோது வலை ஒரு பக்கம் சுருண்டு கிடந்தது. பன்னிரண்டிலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சிலவற்றில் தண்டு நறுக்கென்று கடிபட்டிருந்தது. மற்றவை பிடுங்கிப் போடப்பட்டு வெயிலில் சுருண்டிருந்தன. ஓர் அணில் வாளி விளிம்பில் நின்று என்னைப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் மரத்துக்குத் தாவியது.

அழுதுகொண்டே பெரியம்மாவிடம் போனேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்கு வந்து பார்த்தார். என் முகத்தை முந்தானையால் துடைத்தார்.

"அம்மாகிட்ட சொல்லாத. அவ மனசுக்குக் கஷ்டம் வரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு. கேட்டா, நல்லா இருக்குன்னு சொல்லு."

"பொய் சொன்னா பாவம் இல்லையா பெரியம்மா?"

"இது அந்தப் பொய் இல்ல," என்றார் பெரியம்மா.

ஞாயிற்றுக்கிழமை புது நாற்று வாங்கி வருவதாக அப்பா சொன்னார். அந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் ஸ்கேன், மாத்திரை, கடைவேலை என்று போய்விட்டன. அதற்குள் என் தக்காளிச் செடிகள் நன்றாக வளர்ந்துவிட்டன. முதலில் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். பிறகு அதில் ஒரு ருசி வந்துவிட்டது. என் முழங்கால் உயரம் என்றேன். ஒரு செடிக்குக் குச்சி கட்டினேன் என்றேன். ஒரு நாள், "வெள்ளையா பூ வந்திருக்கும்மா," என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தக்காளிப் பூ மஞ்சளாத்தானே இருக்கும்?"

பிறகு அவளே, "வெயில்ல பாத்திருப்ப. வெயில்ல மஞ்சள் வெள்ளையாத்தான் தெரியும்," என்றாள். என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். உள்ளே தம்பியோ தங்கையோ உதைத்தது.

அதற்கப்புறம் நான் மஞ்சள் பூக்களே சொன்னேன். ஏழாம் மாதத்தில், கோலிகுண்டு அளவில் ஒரு பச்சைக் காய்.

காய் வந்த நாலாம் நாள் காலையில் அம்மா வலியில் கத்தினாள். நான் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவும் பெரியம்மாவும் அவளைக் கைத்தாங்கலாக இறக்கி, டாக்சியில் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். என்னை வீட்டுக்காரம்மா பார்த்துக்கொண்டார். மதியம், ஆபரேஷன் செய்து தம்பி பிறந்திருக்கிறான் என்று அப்பா போன் செய்தார்.

மறுநாள் அப்பா என்னை அங்கே கூட்டிப்போனார். அம்மாவால் எழ முடியவில்லை. முகம் வெளுத்திருந்தது, ஆனால் சிரித்தாள்.

"தம்பிய பாத்தியா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். "சின்னப் பிள்ளைங்கள உள்ள விடமாட்டாங்க," என்றார் அவர்.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்களாம். நாம நாத்துக்குப் பாட்டில் கவுத்தோமே, அந்த மாதிரி. கொஞ்சம் பெருசானதும் வெளிய எடுத்துடுவாங்க," என்றாள் அம்மா. பிறகு, "காய் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கும்மா. பெருசாயிடுச்சு."

அதற்கு அடுத்த நாள் சாயந்தரம் அப்பா வீட்டுக்கு வந்து, என்னை மடியில் உட்காரவைத்து, தம்பி இயேசுவிடம் போய்விட்டான் என்றார். அவர் சட்டையில் ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. நான் பார்க்காத தம்பிக்காக எப்படி அழுவது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா அழுததால் நானும் அழுதேன்.

அம்மா வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசவில்லை. பெரியம்மா ஊட்டினால் இரண்டு வாய் சாப்பிடுவாள். அப்பா அறைக்குள் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். பத்து நாள் இருக்கும், ஒரு சாயந்தரம் அவளாக எழுந்தாள். வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

வலையைத் தூக்கிப் பார்த்தாள். பன்னிரண்டிலும் காய்ந்த மண். ஒன்றில் மட்டும் கொஞ்சம் புல்.

"காய் வந்திருக்குன்னு சொன்னியே?"

"அணில் தின்னுடுச்சும்மா."

"எப்ப?"

"ரொம்ப நாளாச்சு. செடியா இருந்தப்பவே. நான் செங்கல் வைக்கல."

அடிப்பாள் என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன். அடிக்கவில்லை. வாளியின் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்து, உள்ளங்கையை அந்தக் காய்ந்த மண்ணில் வைத்தாள்.

"நீயும் நல்லா இருக்குன்னுதான் சொன்ன," என்றாள்.

"பெரியம்மாதான் அப்படிச் சொல்லச் சொன்னாங்க," என்றேன் அவசரமாக. தப்பித்துக்கொள்ள அதுதான் வழி என்று நினைத்தேன். அம்மா தலையை ஆட்டினாள். அதன் பிறகுதான், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள். கேவலுக்கு நடுவே தையல் வலித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். தக்காளிச் செடிக்காக ஒருவர் இவ்வளவு அழுவாரா என்று எனக்குப் பயமாக இருந்தது. நூறு செடி வாங்கித் தருகிறேன் அம்மா என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த விடுமுறையில் பெரியம்மா அதைச் சொன்னார். தம்பி, பிறந்த அன்று சாயந்தரமே இறந்துவிட்டான். அம்மாவின் உடம்பு தாங்காது என்று பயந்து, இரண்டு நாள் அவளிடம் சொல்லவில்லை. நான் அவளைப் பார்க்கப் போனபோது அந்தக் கண்ணாடிப் பெட்டியில் யாரும் இல்லை. அந்த இரண்டு நாளும் அம்மா, சுரந்த கொஞ்சம் பாலை ஒரு சின்ன டம்ளரில் பீய்ச்சி, பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லி அப்பாவிடம் தந்தாளாம். அப்பா வாங்கிக்கொண்டு வராந்தாக் கோடிவரை நடந்து போய், வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு, டம்ளரைக் கழுவி எடுத்து வந்தாராம்.

"குடிச்சானான்னு கேப்பா. குடிச்சான், நல்லா இருக்கான்னு உங்கப்பா சொல்வாரு. நானும் கூடவே தலைய ஆட்டுவேன்," என்றார் பெரியம்மா.

அம்மா அன்று மாடியில் என்னைப் பார்த்து 'நீ' என்று சொல்லவில்லை, 'நீயும்' என்றாள். அந்த வித்தியாசம் எட்டு வயதில் என் காதில் விழவில்லை.