ராஜம் அம்மாள் வீட்டில் நான் சொன்ன குறைகள்

போன வாரம் அக்கா மகன் கோயமுத்தூரிலிருந்து போன் செய்தான். பாலக்காட்டில், கல்பாத்தித் தெருவில் ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறதாம். வாங்கிப் பழுதுபார்த்து, சுற்றுலா வருகிறவர்கள் தங்க வாடகைக்கு விடப்போகிறானாம். "மாமா, விலை பேச நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. எனக்கு அந்தளவுக்கு வாய் பத்தாது" என்றான். "மாப்ளே, ஊடு கெடைக்கோணும்னா என்னையக் கூட்டிக்கிட்டுப் போகாதே" என்றேன். ஏதோ தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தான். அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இருபது வருடத்துக்கு முந்தைய கதை. பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். பாலக்காட்டில் கரண்டு ஆபீசில் எனக்கு கிளார்க் வேலை. நானும் மனைவி சரசுவும் கைக்குழந்தையும் ஒரு அரிசி மில்லுக்குப் பின்னால் வாடகைக்குக் குடியிருந்தோம். நெல் அவிக்கிற வாசம் நல்ல வாசம்தான், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் அதைக் குறை சொல்லக்கூடாது. ஆனால் அந்த வாசத்தோடு புகைபோக்கியிலிருந்து உமிக்கரியும் வந்துகொண்டே இருக்கும். காலையில் துவைத்துக் காயப்போட்ட குழந்தைத் துணி மத்தியானத்துக்குள் புள்ளி புள்ளியாகிவிடும். சரசு மறுபடியும் துவைப்பாள். வெள்ளைத் துணி வெள்ளையாகவே காய்கிற ஒரு வீடு வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது. நகை நட்டு எதுவும் கேட்டதில்லை.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடு பார்க்கக் கிளம்பினோம். கல்பாத்தியில் பிள்ளைகள் எல்லாம் பம்பாய், சென்னை என்று போய்விட்டதால் வீடுகள் ஒவ்வொன்றாக விலைக்கு வந்த நேரம் அது. புதுக் காலனிகளைவிட அங்கே விலை குறைவு என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். மணி என்று ஒரு புரோக்கர் கூட்டிப்போனார். முதல் வீட்டுக்காரர் காபி கொடுத்து, எந்த ஊர், எந்த ஆட்கள், தகப்பனார் யார் என்று விசாரித்துவிட்டு, "பையன்கிட்ட கேட்டுண்டு சொல்றேன்" என்றார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. இரண்டாவது வீட்டுக்கு ஏழு பங்காளிகள். ஆறு பேர் கையெழுத்துப் போடத் தயார், ஏழாவது ஆள் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது, ராஜம் அம்மாள் வீடு. அதற்குள் போவதற்கு முன், எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் பெரியப்பா மாடு வாங்கப் போனால் அரை மணி நேரம் வைவார். சுழி சரியில்லை, பல் போச்சு, நடை கோணல், இது உழவுக்கு ஆகாது. விற்கிறவர் அதைக் கேட்டுக் கேட்டு உள்ளூரச் சந்தோஷப்படுவார். இத்தனை குறை சொல்கிறவர் வாங்காமல் போகமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். "நல்ல மாடுங்க" என்று சொல்லிவிட்டு மோர் குடிக்கிற ஆள்தான் வாங்கமாட்டான். தோப்பு வாங்கினாலும் கிணறு வாங்கினாலும் இதே பேச்சுதான். நானும் இதைத்தான் கற்றிருந்தேன். பஸ்ஸிலேயே சரசுவிடம் சொல்லிவைத்தேன்: "அங்க போயி எதையும் நல்லாருக்குன்னு சொல்லிப்போடாதே. வெலை ஏறிப்போகும்."

ராஜம் அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை. மகன் பம்பாய்க்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நாங்கள் வருகிறோம் என்று பட்டப்பகலில் எல்லா அறையிலும் விளக்கைப் போட்டு வைத்திருந்தார். தெருக்கதவில் நின்று பார்த்தால் ஆறு கதவு தாண்டிக் கொல்லைப்புற வெளிச்சம் நேராகத் தெரிந்தது. சிவப்புத் தரை, காலை வைத்ததும் குளிர்ந்தது. கொல்லையில் கிணறு, அதைத் தாண்டினால் ஆற்றில் இறங்கப் படி. உள்ளதைச் சொல்கிறேன், இரண்டாவது கதவைத் தாண்டும்போதே எனக்கு அந்த வீட்டின் மேல் தாங்கமுடியாத ஆசை வந்துவிட்டது. ஆசை வந்ததால் வாயும் நீண்டது.

உத்தரத்தைத் தட்டிப் பார்த்து, "செல்லு அரிச்சிருக்குமாட்ட இருக்குதுங்க" என்றேன். அரிக்கவில்லை. "அகலம் பத்தாதுங்க, ரயில் பெட்டியாட்டம் இருக்குது" என்றேன். ராஜம் அம்மாள் அடுத்த அறைக்குக் கூட்டிப்போனார். சமையலறைப் பக்கச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அதைத் திறந்து காட்டும்போது மட்டும் அவர் முகம் மலர்ந்தது.

"இது பக்கத்தாத்து முற்றமாக்கும். காப்பிப்பொடி தீர்ந்துதுன்னா வாசல் வழியா சுத்திண்டு போக வேண்டாம், இப்படியே கையை நீட்டிடலாம். நான் வந்ததுலேர்ந்து இதை மூடினதே இல்லை, கேட்டேளா."

"இதைய மொதல்ல அடைக்கோணுமுங்க. செலவு இருக்குது" என்றேன்.

"அடைக்கணுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். நான் அந்தக் குரலைக் கவனித்திருக்க வேண்டும். எங்கே கவனித்தேன், விலையில் ஐயாயிரம் குறைந்தது என்று மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன்.

கொல்லைக்கு வந்ததும் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, டம்ளரில் மொண்டு சரசுவிடம் கொடுத்தார். "எங்காத்துத் தண்ணியைக் குடிச்சுட்டுச் சொல்லுங்கோ." சரசு ஒரே மூச்சில் குடித்தாள். குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு, "கொஞ்சம் உப்புக் கரிக்குதுங்க" என்றாள்.

"அப்படியா?" என்று ராஜம் அம்மாள் அதே டம்ளரில் கொஞ்சம் மொண்டு தானும் குடித்துப் பார்த்தார். "நேக்குப் பழகிப்போயிடுத்து போலிருக்கு, தெரியலை."

விலை பன்னிரண்டு லட்சம் என்றார். நான் ஒன்பது என்றேன். பத்தரை வரை போகலாம் என்பது என் கணக்கு. அடுத்த ஞாயிறே போனால் ஆசை வெளியே தெரிந்துவிடும் என்று இரண்டு ஞாயிறு வேண்டுமென்றே விட்டேன். வேலை கச்சிதமாக முடிந்த திருப்தியில் அந்த நாட்களில் நன்றாகத் தூங்கினேன். வங்கிக் கடனுக்கு மனுவும் எழுதிவிட்டேன்.

மூன்றாவது வாரம், ஆபீசில் என் மேஜைக்கு முன்னால் ராஜம் அம்மாள் வந்து நின்றார். கூட ஒரு நடுத்தர வயது ஆள். கரண்டு இணைப்பை அந்த ஆளின் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று மனு. அந்த ஆள் பணம் கட்ட அடுத்த ஜன்னலுக்குப் போனதும் கேட்டேன்.

"என்ன வெலைக்குங்கம்மா குடுத்தீங்க?"

"பத்து."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பத்தரை குடுத்திருப்பனுங்களே!"

அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். "நீங்க வாங்கறதா இருந்தேளா? உங்க ரெண்டு பேருக்கும் பிடிக்கவே இல்லையே! பிடிக்காத ஆத்தைக் குழந்தையும் கையுமா இருக்கறவா தலையில எப்படிக் கட்டறது? புரோக்கர்கிட்டயும் சொன்னேன், பாவம் அவாளைத் தொந்தரவு பண்ணாதேன்னு. இவர் வந்து படியில உக்காந்துண்டு, 'இங்கயே இருந்துடலாம் போல இருக்கு'ன்னார். சரின்னுட்டேன்."

பெயர் மாற்ற மனுவில் முத்திரை குத்த வேண்டியது என் வேலை. குத்தினேன். வீட்டுக்குப் போய், "வேற ஆளு சாஸ்தியாக் குடுத்து வாங்கிட்டாங்களாம்" என்று சரசுவிடம் பொய் சொன்னேன். அவள் கொடியில் கிடந்த துணியை உதறி மடிக்க ஆரம்பித்தாள்.

நாலு வருடம் கழித்துச் சித்தூர் ரோட்டில் இடம் வாங்கி வீடு கட்டினோம். குறை ஒன்றும் இல்லை. இப்போதெல்லாம் குறை சொல்லிப் பேசுவதை நான் விட்டுவிட்டேன் என்பது வேறு விஷயம். படியில் உட்கார்ந்த அந்த ஆள் மூன்றே வருடத்தில் வீட்டை விற்றுவிட்டார். தெருவுக்குப் பாரம்பரியத் தெரு என்று பெயர் வந்தபிறகு அது இன்னும் இரண்டு கை மாறியது. இப்போது கோடி என்கிறார்கள். வாங்குகிறவர் போட்டோவைப் பார்க்கிறார், விற்கிறவர் வேறு தேசத்தில் இருக்கிறார். ராஜம் அம்மாள் பம்பாயிலேயே காலமாகிவிட்டார் என்று புரோக்கர் மணி எப்போதோ சொன்னார்.

போன வருடம் தேர் பார்க்கப் போனபோது சரசுதான் அந்த வீட்டு வாசலில் நின்றாள். இருபுறத்து வீடுகளையும் சேர்த்து ஒரே விடுதியாக்கியிருந்தார்கள். வாசல் பக்கம் பழையபடி இருந்தது. உள்ளே சுவர்களை எடுத்துவிட்டதால் அந்தச் சின்ன ஜன்னல் இருந்த இடமே இல்லை. கிணற்றின் மேல் கனமான கண்ணாடி பதித்து, சுற்றிலும் நாற்காலி போட்டிருந்தார்கள். மேஜைக்கு மேஜை பாட்டிலில் தண்ணீர். வரவேற்பில் இருந்த பெண் மலையாளத்தில் ரூம் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், சும்மா பார்க்க வந்தோம் என்றேன்.

வெளியே வந்ததும், ஏனோ அன்றைக்கு எனக்குப் பொய்யைத் தூக்கிச் சுமக்கத் தெம்பில்லை. ஆபீசில் நடந்ததை எல்லாம் சரசுவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தேர் வடத்தை இழுக்கிற கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. அவள் ஓரமாக ஒதுங்கி நின்று கேட்டாள்.

"ஏனுங்க, அந்தத் தண்ணி தேனாட்டம் இருந்துச்சுங்க. நீங்க சொன்னீங்கன்னு நான் உப்புன்னு சொல்லிப்போட்டேன். அந்தம்மா அதைய நெசம்னு நெனைச்சுக்கிட்டேவா பம்பாய்க்குப் போயிருப்பாங்க?"