ஊசி குத்தாத தோல்

அன்று காலை ஃபேக்டரி நாறவில்லை. ஆம்பூரில் பதினெட்டு வருடமாகத் தோல் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவனுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. காற்று திசை மாறிவிட்டது போல என்று சந்தோஷப்பட்டேன். மத்தியானம் டப்பாவைத் திறந்தால் கருவாட்டுக் குழம்பும் மணக்கவில்லை. அப்போதுதான் பயம் வந்தது.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் யாராவது படுத்திருக்கலாம். உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பது என் வேலை. சின்னத் துளை இருந்தாலும் இரண்டாம் தரம்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் என் தோஸ்த் தேவராஜ். கொரோனா தடுப்பூசி போட நர்ஸம்மா எங்கள் ஷெட்டுக்கு வந்த அன்று நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"ஊசி குத்துன தோலு செகண்ட்ஸ்ல போய்டும்பா. நம்ம தோலையாவது ஃபர்ஸ்ட் கிரேடா வச்சிக்கலாம்."

ஷெட்டே சிரித்தது. வரிசையில் நின்றிருந்த தேவராஜ் சிரித்துக்கொண்டே மேஜைக்குத் திரும்பினான். அவன் பின்னால் இன்னும் சிலர். நர்ஸம்மா பெட்டியை மூடி, "நல்லா பேசுறீங்கண்ணா" என்றார். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அதற்கு முன்பே நான் ஒரு ஊசி போட்டிருந்தேன். என் மனைவி அவள் அம்மா ஊரான அணைக்கட்டுக்கு இழுத்துப் போய்ப் போடவைத்தாள். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. இரண்டாவதையும் அங்கேயே போட்டுக்கொண்டேன். ஷெட்டில் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் ஜோக் என்னாவது? அவ்வளவுதான் காரணம். பெரிய காரணமாகத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

குழம்பு மணக்காமல் போன அன்றே நான் கொரோனாவில் படுத்தேன், எனக்குப் பின்னாலேயே தேவராஜும் படுத்தான். வேலூர் ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில், இருவர் முகத்திலும் ஆக்சிஜன் மாஸ்க். சின்ன வயசு டாக்டரம்மா ஃபைலோடு வந்தார். தடுப்பூசி போட்டீர்களா என்று கேட்டார்.

"போடல மேடம்" என்றான் தேவராஜ்.

அடுத்து நான். "ரெண்டு" என்று முனகினேன்.

"சத்தமா சொல்லுங்க."

"ரெண்டும் போட்டாச்சு மேடம்."

தேவராஜ் மாஸ்க்கை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினான். "எப்போடா பாபு?"

"கேம்ப்புக்கு முன்னாடியே ஒண்ணு."

"இன்னா ஆளுடா நீ" என்றான். என் ஒவ்வொரு ஜோக்குக்கும் அவன் சொல்வது அதுதான். அன்று சிரிக்கவில்லை. டாக்டரம்மா அவன் மாஸ்க்கை ஏற்றிவிட்டார். அதற்கப்புறம் அவன் என்னிடம் பேசவில்லை.

நான்காம் நாள் அவனை வென்டிலேட்டருக்கு (குழாய் வழியாக மூச்சைச் செலுத்தும் கருவி) மாற்றினார்கள். ஏழாம் நாள் போய்விட்டான்.

"ஊசி போட்டிருந்தா பொழைச்சிருப்பானா மேடம்?"

"ஒருத்தர வச்சி அடிச்சி சொல்ல முடியாதுங்க. ஆனா வாய்ப்பு ஜாஸ்தி." அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

எனக்கு மிஞ்சியது ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் விழும் தழும்பு). வீட்டில் கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் பத்தடி. நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்க ஒரு நாற்காலி போட்டு, வேலூர் ரோட்டில் எல்லா வண்டியும் நிற்கும் பள்ளிகொண்டா டோல்கேட்டின் பெயரை அதற்கு வைத்தேன். மனைவி சிரிக்கவில்லை.

நடக்க முடிந்ததும் தேவராஜ் மனைவி மேரியைப் பார்க்கப் போனேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவளே சொன்னாள்: "குழாய் வைக்கிறதுக்கு முன்னாடி போன் பண்ணாருண்ணா. நீ போய் ஊசி போட்டுக்க, பாபு எதுனா சொன்னா சிரிச்சிட்டு, போய் போட்டுக்கன்னாரு."

"போட்டுக்கினியாம்மா?"

"போட்டுக்கினேன்."

மூன்றாம் மாதம் வேலைக்குத் திரும்பினேன். அதே வாரம் நர்ஸம்மாவும் வந்தார். வரிசையில் பாதிப் பேர்கூட இல்லை. எழுந்து நின்றேன்.

"நான் ரெண்டு ஊசியும்... போட்டவன். உங்ககிட்ட... மறைச்சிட்டேன்."

முன்பெல்லாம் ஜோக் சொல்லும்போது சிரிப்பு வரவேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் வேண்டுமென்றே நிறுத்துவேன். இப்போது நுரையீரல் தனக்கு இஷ்டப்பட்ட இடத்தில் நிறுத்துகிறது. ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று எனக்கே தெரிவதில்லை.

"தேவாவ நான்தான்..." என்றதோடு மூச்சு நின்றுவிட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

ஷெட்டில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள், சிரிக்கத் தயாராக.